நீலம் என்று நான் எழுதிய நான்கு திங்கட்கிழமைகள்

1. எட்டுச் சொட்டு

பூனாகலைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் டிஸ்பென்சராக இருந்தபோது, காத்தாயி என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஒரு கால் போனது. அதில் என் பங்கு என்ன என்பதை இதுவரை யாரிடமும் நான் சொல்லவில்லை. மருந்து கொடுக்கும் வேலைக்கு வருகிற இளையவர்கள் படிக்கட்டும் என்று இப்போது எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. நான் யாழ்ப்பாணத்தவன். கொழும்பில் படித்து, உத்தியோகம் என்று மலைக்கு வந்தவன். வைத்தியன் இல்லை என்றாலும் தோட்டத்துச் சனம் என்னை 'டொக்டரையா' என்றே கூப்பிட்டது. நானும் திருத்தவில்லை.

காத்தாயிக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். ஆனாலும் நான் அவளை 'நீ' என்றுதான் பேசினேன். அப்போதைய வழக்கம் அது. ஒரு திங்கட்கிழமை காலை அவள் தாகம் தாங்கவில்லை என்று வந்தாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சாக்கடைக் கானில் தான் ஒன்றுக்குப் போன இடத்தை எறும்பு மொய்க்கிறதென்றும் சொன்னாள்.

சர்க்கரை வியாதி பெரிய கிளாக்கர்மாருக்கும் கடை முதலாளிமாருக்கும் வருவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். மலையேறி இறங்குகிறவளுக்கு எப்படி வரும்? இருந்தாலும் பரிசோதித்தேன். டெஸ்ட் டியூபில் ஐந்து சி.சி. பெனடிக்ட் கரைசல், அதில் எட்டுச் சொட்டு மூத்திரம். ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைத்தால், சர்க்கரை இல்லையென்றால் கரைசல் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, கூடக்கூட மஞ்சள், செம்மஞ்சள். காத்தாயியின் டியூப் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது.

"தேத்தண்ணிக்குச் சீனி போடுறனியோ?"

"போடுறதில்லீங்க ஐயா."

"பொய் சொல்லாதை."

"பொய் இல்லீங்க. உள்ளங்கையில வச்சுக்கிட்டு நக்கி நக்கிக் குடிப்பேன். நீங்க போடுறதத்தானே கேட்டீங்க."

வெளியே மர வாங்கில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. தோட்டத்தில் எல்லாரும் தேநீர் குடிக்கிற விதமே அதுதான். இரண்டு வருடமாக அங்கே இருந்தும் நான் கவனித்ததில்லை.

2. தாளில் இருந்த சாப்பாடு

மாதம் ஒருமுறை டி.எம்.ஓ. என்ற மாவட்ட வைத்திய அதிகாரி தோட்டத்துக்கு வருவார். அவரும் எங்கள் ஊர்ப்பக்கம். காத்தாயியைப் பார்த்துவிட்டு, "ஊசி இப்ப வேண்டாம் ஐசே. ஆள் பருத்த ஆள். சாப்பாட்டையும் தேகப்பயிற்சியையும் வைச்சுக் குறையுதோ பாப்பம். கிழமைக்கு ஒருக்கா சோதிச்சு ஒரு அட்டையில எழுதும்" என்று அச்சடித்த உணவுத்தாள் ஒன்றைத் தந்தார்.

நான் அதைத் தமிழில் வாசித்தேன். காலையில் ஒரு முட்டை, பேக்கரிப் பாண் ஒரு துண்டு, ஆடையெடுத்த பால். மாலையில் இரண்டு மைல் நடை.

காத்தாயி கடைசிவரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "மலையில நடக்கிறது நடையில்லீங்களா?" என்றாள்.

"அது வேலை. இது தேகப்பயிற்சி."

"சாயங்காலம் கூடையில்லாம நான் ரோட்டுல சும்மா நடந்தா, காத்தாயிக்குப் புத்தி பெசகிருச்சுன்னுல்ல சொல்லுவாங்க."

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். அதில் உள்ளபடி அவள் எதையும் செய்யவில்லை. தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். உள்ளங்கைச் சீனியை விட்டாள். ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கினாள். மொனராகலைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் ஏறி வரும் குரக்கன் என்ற கேழ்வரகைப் பெரகல சந்திக் கடையில் மகனை விட்டு வாங்குவித்து, ரொட்டி சுட்டாள். கொழுந்து மலையில் முளைக்கும் வல்லாரையையும் பொன்னாங்காணியையும் மடியில் கட்டிக்கொண்டு வந்து சுண்டினாள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது கேட்கவில்லை. டியூப் மட்டும் கிழமைக்குக் கிழமை மாறியது. செம்மஞ்சள், மஞ்சள், இரண்டு மாதத்தில் பச்சை.

டி.எம்.ஓ. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கெட்டிக்காரன் ஐசே நீர். ஒரு ஊசியும் இல்லாமல். இதை மற்ற டிஸ்பென்சர்மாருக்கும் காட்ட வேணும்."

அன்றிலிருந்து காத்தாயியின் நோய் என் சொத்தானது.

3. பிள்ளைக் காம்பரா

சொத்து என்றால் பயமும் வரும். வெறுங்காலோடு மலைக்குப் போகிறவள், சர்க்கரைக்காரி, ஒரு காயம் பட்டால் என் அட்டை என்னாவது? பயம் நியாயமானதுதான். அவள் பாதத்தை வாரம் ஒருமுறை பார்த்திருக்கலாம். தோட்டத்தை நடத்தும் துரையிடம் ஒரு சோடி சப்பாத்துக் கேட்டிருக்கலாம். கொழுந்து பறிக்கிறவளுக்குச் சப்பாத்து என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அவளுக்கு இலேசான வேலை கொடுக்கும்படி துரைக்குத் துண்டு எழுதினேன். தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் அவளை ஆயாவாகப் போட்டார்கள்.

காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் தன் பேர் வராத முதல் நாளே அவள் என்னிடம் வந்தாள்.

"மலைக்கே போறேங்க ஐயா."

"உன்ரை நன்மைக்குத்தான் செய்தனான்."

"கூடையைக் கட்டுனாத்தாங்க நான் காத்தாயி. பதினோராம் நம்பர் மலையில என்னோட நெரைக்கு எவளும் ஈடு குடுக்க மாட்டா. இங்க தொட்டிலாட்டுற கெழவியா ஒக்காந்திருக்கேன்."

"நான் சொல்லுறதைக் கேள்."

நாள் முழுக்க உட்கார்ந்த இடம். பிள்ளைகள் மிச்சம் விட்ட ரொட்டியை வீசவும் மனம் வராது. மூன்றாம் கிழமை டியூப் மஞ்சளானது. ஆறாம் கிழமை செங்கல். நடையைப் பறித்தவன் நான் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் திருடுகிறாள் என்று தோன்றியது. தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் நேரம் பார்த்து, எல்லார் முன்னாலும் கேட்டேன்: "பிள்ளையளின்ரை பாலுக்கு வாற சீனியைக் களவாய்த் தின்னுறனியோ?"

அவள் ஒரு குழந்தையின் மூக்கைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, அதை அதன் தாயிடம் கொடுத்தாள். மறுநாள் டிஸ்பென்சரிக்கு வந்து, "மலைக்கு அனுப்புங்க ஐயா, தானா எறங்கிரும்" என்றாள்.

"நாலு கிழமை தொடர்ந்து நீலம் காட்டு. பிறகு அனுப்புறன்."

சொல்லும்போது பெரிய நீதியாகத்தான் இருந்தது. நோயாளியின் உடம்பிடம் கேட்க வேண்டியதை நோயாளியிடம் தண்டனையாகக் கேட்டேன் என்பது இப்போது தெரிகிறது.

4. குழாயடி

அடுத்த திங்கள் போத்தல் வந்தது. நீலம். எனக்கு ஆச்சரியம், கூடவே சந்தோஷம். மிரட்டினால்தான் இந்தச் சனத்துக்கு ஏறும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் திங்களும் நீலம். எழுதுவதற்காகப் பேனையைத் திறந்துகொண்டு ஜன்னலால் பார்த்தேன். டிஸ்பென்சரி வாசலில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. காத்தாயி அதில் குனிந்து குடித்துக்கொண்டிருந்தாள். கையை ஏந்தி, மூச்சு வாங்கி, மறுபடியும் ஏந்தி. பெரிய செம்பு ஒன்று நிறையும் அளவு குடித்திருப்பாள். நிமிர்ந்து வாயைத் துடைத்தாள். கொஞ்சம் நின்றுவிட்டு, மறுபடி குனிந்தாள்.

சர்க்கரை இல்லாத உடம்பு குளிர்க் காலையில் அப்படித் தண்ணீர் கேட்காது. டிஸ்பென்சர் படிப்பின் முதல் வருடத்தில் உள்ள பாடம் அது. போத்தலில் இருப்பது வேறு யாருடையதோ என்பது எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

அவள் நிமிர்ந்தபோது என் கண்ணும் அவள் கண்ணும் ஒருமுறை சந்தித்தன. நான் குனிந்து அட்டையில் 'நீலம்' என்று எழுதினேன்.

ஏன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். டி.எம்.ஓ. அந்த மாதக் கடைசியில் வர இருந்தார். அட்டையில் செங்கல் நிறம் இருப்பதை அவர் பார்ப்பதை நான் விரும்பவில்லை. மலைக்குப் போனால் எப்படியும் இறங்கிவிடும், பொய் உண்மையாகிவிடும் என்றும் ஒரு சமாதானம் இருந்தது. மூன்றாம், நான்காம் திங்களும் எழுதினேன். ஐந்தாம் திங்கள் காத்தாயி கூடையோடு பெரட்டில் நின்றாள்.

5. மிலாறு

பதினோராம் நம்பர் மலைக்குப் பக்கத்து மலையில் அப்போதுதான் கவ்வாத்து முடிந்திருந்தது. வெட்டிய கிளைகளை அங்கே மிலாறு என்பார்கள். சரிவாக வெட்டுப்பட்ட நுனி ஊசி மாதிரி இருக்கும். அந்த வழியாக இறங்கும்போது ஒன்று அவள் உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை. சர்க்கரையால் கால் மரத்துப் போயிருந்தது. சாயங்காலம் லயத்தில் கால் கழுவும்போது மருமகள்தான் பார்த்திருக்கிறாள்.

காயத்தை என்னிடம் காட்டினால் மறுபடியும் தொட்டில்தான் என்று காத்தாயி பயந்தாள். மஞ்சளை எண்ணெயில் குழைத்துக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு நாள் கொழுந்து பறித்தாள்.

பதின்மூன்றாம் நாள் மருமகள் ராசம்மா ஓடி வந்தாள். நிறைமாதம் அவளுக்கு. வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"அத்தைக்குக் காலு கறுத்துப் போச்சுங்க. வாடை அடிக்குது. என்னை ஏசுனாலும் பரவாயில்லீங்க ஐயா, அந்தப் போத்தல்ல இருந்ததெல்லாம் என்னோடதுங்க. அத்தைதான் கேட்டுச்சு. மலைக்குப் போனா எல்லாம் சரியாயிரும்னு சொல்லுச்சு."

நான் அவளை ஏசவில்லை. ஏச எனக்கு வாயில்லை. தேயிலை லொறியில் வைக்கோல் போட்டுக் காத்தாயியைப் பதுளைக்கு அனுப்பினோம். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். உயிர் தப்பியது.

அடுத்த நாள் விஷயம் கேள்விப்பட்டு டி.எம்.ஓ. வந்து அட்டையை மேசையில் வைத்தார்.

"நாலு கிழமை நீலம் எண்டு எழுதியிருக்கிறீர். எப்பிடி ஐசே?"

"மருமகளின்ரையைக் கொண்டுவந்து தந்திருக்கிறாள் சேர். எனக்கு நேற்றுத்தான் தெரியும்."

நேற்றுத்தான். அந்த ஒரு சொல்லை நான் யோசிக்காமல் சொன்னேன். அவ்வளவு சுலபமாக வந்தது. டி.எம்.ஓ. தலையை ஆட்டினார். "இந்தச் சனத்தோட என்னத்தைச் செய்யிறது" என்றபடி, அட்டையின் கீழே 'நோயாளி நம்பத்தகாதவர்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அட்டை பதுளைக்குப் போனது.

6. வார்டில்

அந்த ஞாயிற்றுக்கிழமை பதுளைக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தாள். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. தலைமாட்டில் அவளுடைய அட்டை தொங்கியது.

"அதுல என்னங்க எழுதியிருக்கு? பாக்கிறவங்க எல்லாம் அத வாசிச்சுட்டு என் மூஞ்சியப் பாக்கிறாங்க."

"சீனிக் கணக்கு" என்றேன்.

பிறகு குரலைத் தாழ்த்தி, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"நான் ஏமாத்துனது தப்புத்தாங்க. ஆனா அன்னைக்குக் குழாயடியில நான் தண்ணி குடிக்கிறப்ப நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க."

நான் கொண்டுபோன இனிப்புத் தோடம்பழங்களை மேசையில் வைத்தேன். அதுவும் அவள் சாப்பிடக் கூடாதது என்பது வெளியே வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

7. திருகை

ஒரு மாதத்துக்குப் பிறகு கக்கத்தில் ஊன்றுகோலோடு தோட்டத்துக்குத் திரும்பினாள். முதல்முறையாக நான் அவள் லயத்துக்குப் போனேன். என்ன சமைக்கிறாள், எதில் அளக்கிறாள், எத்தனை பேருக்குப் பங்கு என்று உட்கார்ந்து கேட்டேன். வாய் தவறி 'நீங்கள்' என்று வந்தது. அப்படியே விட்டுவிட்டேன். அடுப்புக்குப் பக்கத்தில் குரக்கன் அரைக்கும் திருகை கிடந்தது.

"கால் போனா என்னங்க, கை இருக்கு. லயத்துக்கே நான்தான் இப்ப அரைச்சுக் குடுக்கிறேன். வேர்த்து ஊத்துது. ஒங்க தாள்ல இதப் போடலியே" என்றாள்.

திருகையும் குரக்கனும் கீரையுமாக, மூன்று மாதத்தில் டியூப் மறுபடி பச்சைக்கு வந்தது. எனக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. நான் செய்தது இவ்வளவுதான்: மற்ற சர்க்கரைக்காரர்களின் காலை வாரம் ஒருமுறை கழுவி, விரலிடுக்கு வரை பார்ப்பதை வழக்கமாக்கினேன். துரையோடு சண்டை பிடித்து நாலு சோடி சப்பாத்து வாங்கினேன். சர்க்கரைக்காரர் எவரையும் நடக்கிற வேலையிலிருந்து எடுக்கத் துண்டு எழுதவில்லை. காத்தாயிக்குக் கால் போகுமுன் இவற்றைச் செய்திருந்தால் பாராட்டலாம்.

ஒவ்வொரு திங்களும் ஊன்றுகோலோடு அத்தனை படி ஏறி அவளே போத்தலைக் கொண்டு வருவாள். மேசையில் வைக்கும்போது, "இது என்னோடதுதாங்க ஐயா" என்பாள். வாங்கில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். எனக்கு மாற்றலாகும் வரை, ஆறு வருடம், ஒரு திங்கள்கூட அவள் அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

இன்று எனக்கும் சர்க்கரைதான். காலையில் நடக்கிறேன். சோற்றை அளந்து சாப்பிடுகிறேன். தாகம் எடுத்துக் குழாயைத் திறக்கும்போதெல்லாம் யாரோ ஜன்னலால் பார்க்கிறார்கள் என்று தோன்றும்.

டியூபின் நிறத்தை எழுதும் முன் ஆளைப் பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள். இதைவிட எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. டி.எம்.ஓ. இறந்து பல வருடமாகிறது. உண்மையை அவரிடம் நான் சொல்லவில்லை. அந்த அட்டை எங்காவது இருந்தால், அதன் கீழே உள்ள வரி காத்தாயியைப் பற்றியதல்ல.