தபசு காலத்துப் பூக்காபி

அந்த வருஷம் பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்தின நாற்பது நாள் தபசு காலம் தொடங்கிய அன்று அப்பா காபியை விட்டுவிட்டார். எங்கள் வீட்டு எருமைகூட அதை நம்பியிருக்காது. பாப்பாரப்பட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த எங்கள் ஊரில் எல்லோரும் கூழைக் குடித்துவிட்டுக் காட்டு வேலைக்குப் போன காலம் அது. அப்பா மட்டும் காபி வாயில் படாமல் கட்டிலை விட்டு இறங்க மாட்டார். ஜெபமே அதற்கப்புறம்தான்.

குடகிலிருந்து வந்த பழக்கம் அது. கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவும் பெரியப்பாவும் அங்கே காபித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போயிருந்தார்கள். பனியில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு, ஒரே லோட்டாவில் வெல்லக் காபியை அண்ணன் பாதி தம்பி பாதி என்று குடித்துத்தான் இரண்டு பேரும் அங்கே காலம் தள்ளினார்களாம். ஊருக்குத் திரும்பும்போது அவர்கள் சம்பாதித்து வந்தது ஆளுக்கொரு கம்பளியும் இந்தப் பழக்கமும்தான் என்று அம்மா சொல்வாள்.

சொல்வாளே தவிர, காபி போடுவதில் அம்மாவுக்கும் கர்வம் உண்டு. கையைத் தலைக்கு மேலே தூக்கி அவள் ஆற்றினால் நுரை டம்ளர் விளிம்பைத் தாண்டி எழும்பி நிற்கும். வேண்டியவர்கள் வந்துவிட்டால் அதோடு விட மாட்டாள். கெட்டி டிகாஷனைக் கரண்டி நுனியில் எடுத்து நுரைமேல் சொட்டுச் சொட்டாக விட்டு, கழுவி வைத்த ஈர்க்குச்சியால் மெல்ல வெளியே இழுப்பாள். வெள்ளை நுரையில் பழுப்பு நிறத்தில் ஒரு பூ விரியும். அதற்குப் பூக்காபி என்று பெயர் வைத்தவர் பெரியப்பா. வாசலில் கோலம் போடாத வேதக்காரப் பொம்பிளை அந்த ஆசையை டம்ளரில் தீர்த்துக்கொள்கிறாள் என்று கேலி பேசிக்கொண்டே, பூ கலையாமல் ஓரத்தில் வாய் வைத்து உறிஞ்சுவார். வேண்டாதவர்கள் வந்தால் அம்மாவின் காபியில் பூவும் இருக்காது, நுரையும் இருக்காது. வந்தவர்களும் புரிந்துகொண்டு சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள்.

இப்படி இருந்த உறவு ஒரு புளியமரத்தால் போயிற்று. இரண்டு பேர் நிலத்துக்கும் நடு வரப்பில் நின்ற மரம். இந்த வருஷம் யார் உலுக்குவது என்று தொடங்கிய பேச்சு, ஒன்றுக்கு இரண்டாக வளர்ந்து, எல்லோரும் பார்க்கக் களத்தில் நின்று கத்தும் அளவுக்கு முற்றியது. இனிமேல் உன் வூட்டில் ஒரு வாய் காபி குடித்தால் என்னை ஏன் என்று கேள் என்று பெரியப்பா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். மற்றவர்கள் சண்டை போட்டால் தண்ணி குடிக்க மாட்டேன் என்பார்கள். இவர் குடகுக்குப் போய்வந்தவர் அல்லவா!

அதற்குப் பிறகு கோயிலில் பெரியப்பா பீடத்துக்குப் பக்கத்திலும் அப்பா வாசலுக்குப் பக்கத்திலும் முழங்காலிட்டார்கள். வீம்புக்கு இரண்டு பேருமே புளியை உலுக்கவில்லை. பாதி தானாக உதிர்ந்து மண்ணில் கிடந்தது. ஊர் ஆடுகள் நன்றாகத் தின்றன.

அப்போது நான் ஞானோபதேச வகுப்பில் முதல் வரிசை. உலகத்திலுள்ள பாவங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். வீட்டில் அவற்றை யார் செய்கிறார்கள் என்று பார்ப்பதுதான் பாக்கி. பிடித்ததை விட்டு ஒறுத்தல் செய்பவர்கள் அதை எதற்காகச் செய்கிறோம் என்று மனதில் ஒரு கருத்து வைத்துக்கொள்ள வேண்டும், கேட்டது கிடைக்கும்வரை விடக் கூடாது என்று பங்குச் சாமியார் சொல்லியிருந்தார். நான் வெல்லத்தை விட்டிருந்தேன். கணக்கில் பாஸாக வேண்டும் என்பது என் கருத்து. அப்பாவின் கருத்து என்னவென்று நச்சரித்தேன்.

"அது எனக்கும் மாதாவுக்கும் உள்ள பேச்சு கண்ணு" என்றார் அவர்.

சரி, கருத்தைத்தான் சொல்லவில்லை, நோன்பையாவது ஒழுங்காகக் காக்கிறாரா என்று பார்க்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். சாராயம் குடித்துவிட்டு வருகிறவர்களை அவர்கள் பெண்டாட்டிகள் சோதிப்பதுபோல், சாயங்காலம் அப்பா காட்டிலிருந்து வந்ததும் வாயை ஊதச் சொல்வேன். பாவம் மனிதர், தலைவலியில் நெற்றியில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு, எனக்குக் குனிந்து ஊதிக் காட்டுவார். வெற்றிலை வாசம்தான் வரும். அம்மா தனக்கு அரை டம்ளர் போட்டுக்கொள்ளும் நேரம் பார்த்து அவர் மாட்டைத் திட்டிக்கொண்டே கொட்டகைப் பக்கம் போய்விடுவார். மாடு என்ன செய்தது என்று அதற்கே தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்தபோது படலுக்கு வெளியே பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. பெரியப்பா எங்கோ பார்த்துக்கொண்டு, பெரிய பெண்ணுக்குப் பாஸ்கா கழித்துக் கல்யாணம் வைத்திருப்பதாகவும், மாப்பிள்ளை மொரப்பூர்ப் பக்கம் என்றும், சொல்ல வேண்டியது முறை, அதனால் வந்தேன் என்றும் ஒப்பித்தார். அந்த வீட்டிலும் இந்த வீட்டிலும் மாறி மாறி வளர்ந்த அக்காவின் கல்யாணத்தைச் சொல்வதற்கு ஊரானுக்குச் சொல்வதுபோல் வந்து நின்றார். அப்பா கட்டிலை இழுத்துப் போட்டார். பெரியப்பா அதன் ஓரத்தில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடலாம் என்பதுபோல் உட்கார்ந்தார்.

அம்மா யாரையும் கேட்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து காபி ஆற்றும் சத்தம் கேட்டது, உயரத்திலிருந்து விழும் அந்தச் சர்ரென்ற சத்தம். பெரியப்பா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்து போகவில்லை.

அம்மா இரண்டு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள். இரண்டிலும் பூ. என் கண் பெரியப்பாவின் டம்ளருக்குப் போகவே இல்லை. இன்னொன்று யாருக்கு?

வீட்டு ஆள் வாய் வைக்காமல் விருந்தாளி வாய் வைப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. பெரியப்பா டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா தன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நுரை அடங்கத் தொடங்கியது. பூவின் ஓரங்கள் கலங்கின. அப்பாவின் கை மெல்ல டம்ளர் பக்கம் நகர்ந்தது. சோதனையில் விழப்போகிற ஓர் ஆத்துமாவைக் காப்பாற்ற என்னை விட்டால் அங்கே யாருமில்லை.

"அப்பா, தபசு காலம். நீங்க காபிய வுட்டுட்டீங்க" என்றேன்.

பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"நோன்பா? அப்ப நான் மட்டும் குடிச்சா நல்லா இருக்காது. வரேன்" என்று எழுந்தார். அந்தக் குரலில் கோபம் இல்லை. வந்தது வீண் என்று ஆகிவிட்ட ஒருவரின் குரல். அம்மா கதவோரம் நின்று என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும். ஏன் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

"உக்காருங்கண்ணா. ஆறிப்போவுது" என்றார் அப்பா.

சொல்லிவிட்டு டம்ளரை எடுத்து, அவ்வளவு சூட்டையும் ஒரே மூச்சில் குடித்தார். போச்சு! மீசை முழுக்க நுரை. சாட்சிக்கு வேறு ஆளே வேண்டாம்.

பெரியப்பா அந்த மீசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் உட்கார்ந்தார். இந்தத் தடவை கட்டிலின் நடுவில். அவர் டம்ளரில் பாதிப் பூதான் மிச்சம் இருந்தது. வேறு போட்டுத் தருவதாக அம்மா சொன்னாள். வேண்டாம்மா, இதுவே போதும் என்று ஓரத்தில் வாய் வைத்து, பழையபடி உறிஞ்சிக் குடித்தார். பாதி ஆனதும் நிறுத்தி, டம்ளரை அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா அதையும் வாங்கிக் குடித்தார். வெள்ளிக்கிழமை, தபசு காலம், அடுத்தவர் எச்சில், இரண்டாவது டம்ளர்! எந்தப் பாவக் கணக்கில் இதைச் சேர்ப்பது என்று எனக்கே குழம்பிவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் கல்யாணத்துக்கு எத்தனை பந்தல் போடுவது, சமையலுக்கு யாரைக் கூப்பிடுவது என்று பேச்சில் இறங்கிவிட்டார்கள். இடையில் குடகில் அட்டை கடித்த கதை வந்தது. அப்பா சிரித்தார். தபசு தொடங்கியதிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் அப்பா கட்டிலில் உட்கார்ந்துகொண்டு காபி கேட்டார். அம்மா மறுபேச்சுப் பேசாமல் பூப் போட்டே கொண்டுவந்து கொடுத்தாள். நேற்று தவறி விழுந்தார் என்றால், இன்று துணிந்தே விழுகிறார். பாஸ்காவுக்கு இன்னும் நாள் கிடக்கிறது என்று நான் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன்.

"உங்கப்பாவுக்குத் தபசு முடிஞ்சு போச்சு கண்ணு" என்றாள் அவள். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் முகமெல்லாம் சிரிப்பு.

நான் ஆணியில் தொங்கிய கோயில் காலண்டரை இறக்கி விரல் வைத்துப் பார்த்தேன். பாஸ்காவுக்கு முந்தின குருத்து ஞாயிறே இன்னும் வரவில்லை. அப்பா வேண்டுமென்றே என் முன்னால் குனிந்து, ஊதட்டுமா என்று கேட்டு ஊதினார். குப்பென்று காபி வாசம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்படிப் பாதியில் விட்டால் மாதா அவர் கேட்டதை எப்படிக் கொடுப்பாள்? எனக்கு அழுகையே வந்தது. அப்பா என்ன கேட்டிருந்தாலும் சரி, அது அவருக்குக் கிடைக்க வேண்டும். அதனால் மிச்ச நாளுக்கு அவருடைய நோன்பை நானே எடுத்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். அம்மா எனக்கென்று தினமும் கொடுக்கும், வெல்லம் போடாத கால் டம்ளர் காபியை அன்று தொடவில்லை. மாதா படத்துக்கு முன்னால் முழங்காலிட்டு, எங்கப்பாவின் கருத்து எதுவோ அது நிறைவேற வேண்டும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

வெளியே நடு வரப்பில் அப்பாவும் பெரியப்பாவும் ஆளுக்கொரு கிளையாகப் புளியை உலுக்கிக்கொண்டிருந்தார்கள். சடசடவென்று பழம் கொட்டுகிற சத்தமும், அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் அதட்டுகிற சத்தமும் உள்ளே வந்துகொண்டே இருந்தன. அந்த இரைச்சலில் எனக்கு ஜெபம் ஓடவே இல்லை. எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.