டேங்க் நின்ற சுவர்

பாறசாலைப் பக்கம் எங்கள் வீட்டில் படிப்பு ஏறிய முதல் ஆள் நான். சிவில் டிப்ளமா முடித்ததும் கக்கூஸோடு சேர்ந்த புதுக் குளியலறைக்கு நானே வரைபடம் போட்டேன். வீட்டின் தென்மேற்கு மூலையில் அதைக் கட்டினோம்.

பிறகு அண்ணனுக்கு நிச்சயித்த கல்யாணம் நின்றுபோனது. தென்மேற்கான கன்னிமூலையில் கக்கூஸ் இருப்பது வாஸ்துக்கு ஆகாது, அதுதான் காரணம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மறுநாளே அதை இடிக்க அவன் சம்மட்டியைத் தூக்கினான்.

"அண்ணா, இந்தச் சுவருக்கு மேலதான் டேங்க் நிக்கி. நெறய தண்ணி உண்டு. முதல்ல அதத் தொறந்து விடணும்."

"ரெண்டெழுத்து படிச்சா நீ பெரிய எஞ்சினியர் ஆக்கும்! உன் படிப்புதான் என் வாழ்க்கைய முடிச்சுது. மாறி நில்லு ஏட்டி!"

குறுக்கே நின்றேன். முடியைப் பிடித்து இழுத்து முற்றத்தில் எறிந்தான். உதடு கிழிந்தது. அவன் அடிக்க அடிக்க, மேலே விரிசல் ஓடியது. கத்தினேன், அவன் திரும்பவே இல்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்து, அதன் பிடியால் அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. வெளியே ஓடினேன். என்னைக் கொன்றுவிடும் வெறியில் அவனும் துரத்தி வந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் சுவரும் டேங்கும் சேர்ந்து விழுந்தன.

"மூத்தவன கைநீட்டி அடிச்சிட்டியே, பாவி" என்று அம்மா இன்றும் அழுகிறாள்.

சுவரை உடைக்கும் முன், அது எதைத் தாங்குகிறது என்று மேலே ஏறிப் பாருங்கள். எடுத்துச் சொன்னால் யாருக்கும் புரியும் என்றுதான் நானும் அதுவரை நம்பியிருந்தேன். அண்ணனின் கை இன்னும் சரியாக மடங்குவதில்லை. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது. ஆனாலும் அந்த அடிக்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை.