மாடி உள்ள சம்பந்தம்

மழை தூறினால் எங்கள் ஊரில் எல்லோரும் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவார்கள். என் அக்கா, ரஹ்மத்துன்னிஸா ராத்தா, குளியலறைக்கு ஓடுவாள். அழுக்குத் தண்ணீர் போகும் ஓட்டையில் பழைய சேலையைச் சுருட்டித் திணிப்பாள். அதன்மேல் அம்மிக்கல்லை நகர்த்தி வைத்து, தானும் ஏறி உட்கார்ந்துகொள்வாள். காயல்பட்டினத்தில் வாப்பா பெயரைச் சொன்னால் தெரியும் குடும்பம். அந்த வீட்டு மூத்த மகள் குளியலறையில் அம்மிமேல் உட்கார்ந்திருக்கிறாள். பார்த்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். எனக்கும் முதல்முறை வந்தது.

2023 டிசம்பரில் ஒரு வருஷத்து மழை ஒரே நாளில் கொட்டியதே, அன்றைக்கு ஆரம்பித்தது இது. தெருவாசலில் மணல் மூட்டை அடுக்கிக் காவல் இருந்தாள் ராத்தா. தண்ணீர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குளியலறை ஓட்டையிலிருந்து கறுப்பாகப் பொங்கி, அவள் முதுகுக்குப் பின்னால் வந்தது. இடுப்பளவு ஏறியதும் மகள் லுப்னாவை இழுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். கரண்டு இல்லை, போன் இல்லை. இவர்கள் ஹயாத்தோடு, உயிரோடு இருக்கிறார்களா என்று சவூதியில் தம்மாமில் இருக்கும் அவள் புருஷன் ஜக்கரிய்யா மச்சானுக்குத் தெரியாது. சுற்றிலும் தண்ணீர், குடிக்க மட்டும் ஒரு வாய் கிடையாது. பக்கத்திலேயே இருக்கும் என் வீட்டு மொட்டைமாடியில் நின்று நான் கத்திய கத்தல்கூட மழையில் அவர்களுக்குக் கேட்கவில்லை.

தண்ணீர் வடிந்து வீடு காய்ந்தது. ராத்தா தேறவில்லை. வானம் கறுத்தால் சோறு இறங்காது. கொளுத்துகிற சித்திரை வெயிலிலும் போனில் வானிலைப் படத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பாள். ஓதிப் பார்த்தோம். கொஞ்சம் அடங்கியது, மறுபடி மேகம் வந்ததும் பழைய கதைதான். கடைசியில் நான் அடம்பிடித்துத் திருநெல்வேலியில் மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். லுப்னாவுக்கு மாப்பிள்ளை தேடும் நேரம். விஷயம் வெளியே போனால் வருகிற சம்பந்தமும் நின்றுவிடும். அதனால் கண் டாக்டரிடம் போனதாகச் சொல்லிவைத்தோம். எங்கள் தெரு லேசுப்பட்டதா? "கண்ணாடி எங்கனளா?" என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். வேறு வழியில்லாமல் பவர் இல்லாத கண்ணாடி ஒன்றை வாங்கி அவள் மூக்கில் மாட்டிவிட்டேன். இன்றைக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறாள்.

டாக்டர் நல்ல பிள்ளை. பொறுமையாகக் கேட்டார், மாத்திரை எழுதினார். "மழைக்காலத்துல மட்டும் வேற எங்கயாவது போய் இருந்துட்டு வாங்கம்மா," என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ராத்தா கேட்டாள்: "எங்கனளா போவ?"

எங்கே போவாள்? எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. மகளைக் கட்டிக்கொடுத்தால் வீட்டையும் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அங்கேதான் வந்து வாழ்வான். மச்சான் பாலைவனத்தில் வெந்து சம்பாதித்ததெல்லாம் இந்தச் சுவரிலும் மாடியிலும் இருக்கிறது. அவருக்கென்று தனியாக ஒரு வீடு இல்லை. அவர் பிறந்த வீடு அவருடைய தங்கச்சிக்கு. ராத்தா பெட்டியோடு அங்கே போய் நின்றால் ஊர் வாயை மூட முடியுமா? வெளியூர்க்காரர்கள் இந்த வழக்கத்தைக் கேட்டு, பெண்களுக்கு எவ்வளவு உரிமை என்று மெச்சுவார்கள். நன்றாக மெச்சட்டும். இந்தப் பள்ளத்து வீட்டை வாங்க ஆளும் இல்லை, மகளுக்கென்று வைத்ததை விற்கிற பழக்கமும் இல்லை. அந்த உரிமையைக் கட்டிக்கொண்டுதான் ராத்தா அம்மிமேல் உட்கார்ந்திருக்கிறாள்.

"நான் கெடந்து சாவுதேன், அது போவட்டும். எம்மவ இதுக்குள்ள கெடக்கக் கூடாது," என்று ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் முஜாஹித் சம்பந்தம் வந்தது. பையனுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. ராத்தா முகத்தில் அன்றைக்குத்தான் வெளிச்சத்தைப் பார்த்தேன். எப்படியாவது பேசி லுப்னாவைச் சென்னைக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு கட்டினாள். ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்றாள்.

சுவரில் தண்ணீர் நின்ற கறை தெரியாமல் புதுப் பெயிண்ட் அடித்தோம். முஜாஹிதின் உம்மா ஸைனம்பு, பெண்கள் மட்டும் புழங்குகிற முடுக்குச் சந்து வழியாக வீடு பார்க்க வந்தார். விதவை, அதிகம் பேசாதவர். வந்ததும் நேரே மாடிக்கு ஏறினார். அறைகளைப் பார்த்தார், படிக்கட்டைத் தட்டிப் பார்த்தார். முகத்தில் திருப்தி. நான் இனிப்புக்கு வட்டிலப்பத்தை எடுத்து வைத்தேன்.

ராத்தா திடீரென்று, "சம்மந்தி, ஒங்ககிட்ட ஒண்ண மறைச்சிட்டோம்," என்றாள்.

நான் அவள் தொடையைக் கிள்ளினேன். அவள் கேட்கவில்லை. ஸைனம்புவைக் கீழே கூட்டிப்போய், புதுப் பெயிண்டின் மேல் இடுப்பளவில் கையை வைத்தாள். "இதுவரைக்கும் தண்ணி வந்துச்சு. இன்னும் வரும். ஒங்க மவன் சென்னைக்குப் போவும்போது எம்புள்ளையயும் கூட்டிட்டுப் போவட்டும். வழக்கமெல்லாம் நமக்கு வேண்டாம்."

ஸைனம்பு தன் கழுத்தில் கையை வைத்தார்.

"எங்க வீட்டுக்குக் கழுத்துவரைக்கும்," என்றார். "எங்களுது மாடி இல்லாத ஒத்தத் தட்டு வீடு. மேசைமேல நாற்காலியப் போட்டு விடியிற மட்டும் நின்னேன். அதுக்கப்புறம், மாடி இருக்கா மாடி இருக்கான்னு கேட்டுத்தான் மவனுக்குப் பொண்ணு தேடுனேன். அவன் வீட்டுலயிருந்தே வேலை பாக்கச் சம்மதம் வாங்கிட்டான். இனிமே இங்கனதான் இருப்பான். மழை வந்தா நானும் இங்கன வந்து ஏறிக்கிடுவேன், என்ன?"

ராத்தா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. பிறகு, "வாங்க சம்மந்தி. ஒங்க வீடுதானே," என்றாள்.

கல்யாணம் நடந்தது. கல்யாண விருந்தான களறிச் சாப்பாட்டை ஊரே புகழ்ந்தது. சபையில் வைத்து ராத்தா வீட்டுச் சாவியை லுப்னாவின் கையில் கொடுத்தாள். எல்லோரும் மாஷா அல்லாஹ் சொன்னார்கள்.

ஐப்பசியில் முதல் மழை பிடித்தது. சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு முடுக்கு வழியாக ஓடினேன். மாடியில் ஸைனம்பு ஒரு சின்னப் பையை மடியில் வைத்தபடி சன்னல் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். லுப்னா அவருக்குத் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தாள். முஜாஹித் காதில் எதையோ மாட்டிக்கொண்டு சென்னையோடு பேசிக்கொண்டிருந்தான். ராத்தா மட்டும் அங்கே இல்லை.

கீழே குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். சேலையும் அம்மியும் இருந்த இடத்தில் இருந்தன. ராத்தாவும் இருந்தாள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. சத்தம் வெளியே கேட்காமலிருக்க முந்தானையை வாயில் கடித்திருந்தாள்.

"ராத்தா, மேல வாங்க. எல்லாரும் அங்கனதான் இருக்காவ," என்றேன்.

முந்தானையை எடுத்துவிட்டு, உதட்டில் விரலை வைத்தாள்.

"மெல்லப் பேசுளா. நான் பயப்படுதது தெரிஞ்சா, பாவம், சம்மந்தி எங்கன போவாவ?"