வாப்பா தோற்ற வழக்கு

சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்துபோன வருடத்தில் எனக்குச் சட்டம் முழுவதும் தெரிந்திருந்தது. கல்முனையில் எங்கள் முகாமில் இருந்த ஒற்றைத் தொலைக்காட்சியில் அடிக்கடி படம் ஓடும். பாதிப் படங்களில் கடைசியில் ஒரு நீதிமன்றம் வரும். கறுப்புக் கோட்டுக்காரர் மேசையில் அடித்துக் கத்துவார், நல்லவன் வெல்வான், கெட்டவன் தலைகுனிவான். இதற்கு மேல் சட்டத்தில் என்ன இருக்கிறது? ஒன்பது வயதில் முகாம் பிள்ளைகளுக்கெல்லாம் நான்தான் வக்கீல். வாளியைக் கவிழ்த்து அதில் அடித்து வாதாடுவேன். ஒரு வழக்கிலும் தோற்றதில்லை.

எங்கள் வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் மிஞ்சியிருந்தது. கடலிலிருந்து தள்ளிப் புது வீடு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பெயர் பதிய ஒருநாள் ஓர் உத்தியோகத்தர் வந்தார். காரைதீவுக்காரர், மெதுவாகக் கதைப்பவர். எங்கள் தகரக் கொட்டிலில் உட்கார்ந்து, உம்மா கொடுத்த தேநீரை வாங்கிக்கொண்டு, குடும்பத் தலைவரின் பெயரில்தான் வீடு எழுதப்படும் என்று, கொழும்பிலிருந்து சிங்களத்தில் வந்த சட்டத்தைத் தமிழில் சொன்னார். பிறகு வாப்பாவின் பெயரைக் கேட்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. உம்மாவின் முகம்தான் கறுத்துப்போனது.

"தலைவர் அவர்தான் சேர். ஆனா ஊடு என்ட."

கடல் கொண்டுபோன வீடு தன் உம்மா தனக்குச் சீதனமாகத் தந்தது, எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் என்று உம்மா விளக்கினார். குரல் உயரவில்லை. கை மட்டும் முக்காட்டை இழுத்து இழுத்து விட்டது. சட்டம் அப்படி இல்லையே என்று உத்தியோகத்தர் தயங்கினார்.

இதுதான் சமயம் என்று நான் எழுந்தேன். வாளியில் ஓங்கி அடித்து, "கனம் கோர்ட்டார் அவர்களே, இந்த வீடு என் தந்தைக்கே சொந்தம்" என்று படத் தமிழில் முழங்கினேன். பக்கத்துக் கொட்டில்வரை சிரித்தார்கள். வாப்பா சிரிக்கவில்லை. என்னை இழுத்துத் தன் அருகில் இருத்திவிட்டு உத்தியோகத்தரைப் பார்த்தார்.

"நான் மாப்பிள்ளயா வந்தவன் சேர். வந்தவன்ட பேர்ல ஊட்ட எழுதினா ஊர் சிரிக்கும்."

வெள்ளைக்காரன் இங்கு வரக் கப்பல் ஏறுவதற்கு முன்பே இந்தக் கரையில் உள்ள வழக்கம் இது என்றும் சேர்த்துக்கொண்டார். சரித்திரம் என்றால் வாப்பா கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.

உத்தியோகத்தர் தேநீரைக் குடித்து முடித்தார். "நானும் மனிசிட வளவிலதான் இருக்கன்" என்று தன் மனைவியின் காணியைச் சொன்னார். கோயிலுக்குப் போகிற அவருக்கும் பள்ளிவாசலுக்குப் போகிற எங்களுக்கும் இந்த ஒன்றில் வித்தியாசம் இல்லை போலும். மேலிடம் கேட்டால் தான் பதில் சொல்லிக்கொள்வதாகச் சொல்லி, உம்மாவின் பெயரை எழுதினார்.

மேசையில் யாரும் அடிக்கவில்லை. கெட்டவன் என்று ஒருவரும் இல்லை. இப்படியும் ஒரு வழக்கு முடியுமா? நல்லவரான வாப்பா தன் வாயாலேயே தோற்றுப்போனார் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வீட்டைப் பறித்துக்கொண்ட உம்மாவோடு கதைக்காமல் திரிந்தேன். உம்மா அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். உம்மா தன் பெயரில் கிடைத்த அந்த வீட்டைச் சீதனமாக என் பெயருக்கு எழுதினார். வாப்பா தன் பாயைச் சுருட்டிக்கொண்டு, பின்னால் இறக்கிக் கட்டிய சின்ன அறைக்கு உம்மாவோடு போனார். முகத்தில் ஒரு குறையும் இல்லை. அன்று அவர் உம்மாவுக்கு விட்டுக்கொடுத்தார் என்றுதான் நான் அத்தனை கோபப்பட்டேன். அந்த வீட்டை இரண்டு பேரும் எனக்காகத்தான் கேட்டு நின்றார்கள் என்பது, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த வக்கீலுக்கு விளங்கவில்லை.