இரண்டு பக்கமும் சரியான வாட்டம்

“கேள்வி கேக்கறது ஈசிம்மா. சாக்கடையில தண்ணிய ஓட வெக்கறது படிச்ச புள்ளைங்க வேல இல்ல” என்று கவுன்சிலர் என்னிடம் சொன்னார். சரியாகச் சொன்னால், கவுன்சிலரின் கணவர் சொன்னார். எங்கள் வார்டில் அந்த வித்தியாசத்தை யாரும் பார்ப்பதில்லை. தேர்தலில் நின்றதும் ஜெயித்ததும் அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா. “கவுன்சிலர் இருக்காரா?” என்று வாசலில் நின்று கேட்டால் வெளியே வருவது அண்ணன். அக்கா உள்ளே காபி போட்டுக்கொண்டிருப்பார். நல்ல காபி. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் கேட்டது சாதாரணக் கேள்விதான். எங்கள் வீட்டு வாசலில் ஏன் எப்போதும் சாக்கடைத் தண்ணீர் நிற்கிறது?

அந்த வாசலில்தான் அம்மாவின் இட்லிக் கடை. காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் கம்பெனி பஸ் வரும்வரை நின்றுகொண்டே சாப்பிடுவார்கள். சட்னியில் உப்பு குறைவு என்று தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்தியிலும் சொல்வார்கள். அம்மா எல்லா மொழியிலும் பதிலுக்குக் கொடுப்பாள். எந்த மொழியிலும் அவளுக்கு எழுதத் தெரியாது. அந்த இட்லிதான் என்னை டிப்ளமோவரை கொண்டுபோனது. இப்போது ஓர் உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

எங்கள் தெருவின் கிழக்குப் பாதி முன்பு நகராட்சி. மேற்குப் பாதி பஞ்சாயத்து. இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருந்தது. நகராட்சி தன் கழிவுநீரை எல்லைவரை கொண்டுவந்து அந்தப் பள்ளத்தில் விடும். பஞ்சாயத்தும் அதையே செய்யும். எல்லையைத் தாண்டிய தண்ணீர் அடுத்தவர் பொறுப்பு என்பது இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம். பள்ளத்தை யாரோ மண் கொட்டி மூடி, மனை போட்டு விற்றார்கள். விலை மலிவாக இருந்ததால் அப்பா வாங்கினார்.

பிறகு ஊர் மாநகராட்சி ஆனது. நாங்கள் யாரும் ஓரடிகூட நகராமல் மாநகரவாசிகள் ஆனோம். அதை முதலில் கவனித்தது வீட்டுவரி. அடுத்து வந்தது சிமென்ட் கால்வாய். கிழக்குப் பாதிக்கு ஒரு இன்ஜினியர், மேற்குப் பாதிக்கு இன்னொருவர். பஞ்சாயத்து போய்விட்டது, எல்லையும் போய்விட்டது, பழக்கம் மட்டும் போகவில்லை. இரண்டு பேரும் அவரவர் கால்வாயைப் பழைய எல்லையை நோக்கியே வாட்டம் வைத்து, சரித்துக் கட்டினார்கள். இரண்டும் சரியாக எங்கள் வாசலில் வந்து சேர்ந்தன. திறப்பு நாளில் தெருவுக்கே கேசரி கொடுத்தார்கள். கிண்டியது அம்மா.

மாநில எல்லையில் லாரிகள் நிற்பதுபோல எங்கள் வாசலில் தண்ணீர் நிற்க ஆரம்பித்தது. ஒரு கையில் தட்டு, ஒரு கையில் இட்லி. மூக்கைப் பொத்த யாருக்கும் மூன்றாவது கை இல்லை. சாப்பிட வருகிறவர்கள் குறைந்தார்கள். மாவு மிஞ்சியது. ராத்திரியும் நாங்கள் இட்லியே தின்றோம்.

“இவ்ளோ படிச்சியே, இந்தத் தண்ணி எங்க போவணும்னு உங்க காலேஜுல சொல்லித் தரலயா?” என்றாள் அம்மா. “இன்னும் ஒரு மழ பாப்பன். அப்புறம் கடைய எடுத்துட்டு நானும் கம்பெனியில கூட்டிப் பெருக்கப் போறன்.”

கிழக்கு இன்ஜினியரைப் பார்த்தேன். “என் பக்கம் வாட்டம் கரெக்டா இருக்கும்மா, லெவல் வெச்சுக்கூட பாத்துக்கோ” என்றார். மேற்கு இன்ஜினியரும் அதையேதான் சொன்னார். டியூபில் தண்ணீர் பிடித்து நானே மட்டம் பார்த்தேன். இருவரும் சொன்னது உண்மை. எங்கள் கம்பெனியிலும் இப்படி வரும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பாகமும் சரி, சேர்த்தால் பொருந்தாது. அங்கே அதற்கு ரிஜெக்ட் என்று பெயர். மாநகராட்சியில் பணி நிறைவு.

இதைச் சொல்லத்தான் கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன். படிச்ச புள்ளைங்க வேலை இல்லை என்ற பதிலும் ஒரு காபியும் கிடைத்தன.

அடுத்த மாதம் பள்ளிக்கூட ஹாலில் ஏரியா சபைக் கூட்டம். மேடையில் நடு நாற்காலியில் அண்ணன், ஓரத்து நாற்காலியில் அக்கா. அண்ணன் மைக்கைப் பிடித்து, “யாருக்கு என்ன குறைன்னு சொல்லுங்க” என்றார்.

நான் எழுந்து ஓரத்து நாற்காலியைப் பார்த்தேன். “அக்கா, உங்களத்தான் கேக்கறன். எங்க வாசலுக்கு ஒருதரம் வந்து பாக்கறீங்களா?”

“நான் வர்றம்மா” என்றார் அண்ணன்.

“வாங்கண்ணா, வேண்டாம்னு சொல்லல. ஆனா நாங்க ஓட்டு போட்டது அக்காவுக்கு.”

பின் வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்: “நீங்க போய்ட்டு வாங்கக்கா, அண்ணன் காபி போட்டு வெப்பாரு!”

ஹாலே சிரித்தது. அண்ணனும் வேறு வழியில்லாமல் சிரித்தார். அக்கா மைக்கைத் தன் பக்கம் இழுத்து, “நாளைக்குக் காலைல வர்றன்” என்றார். அந்த மைக்கில் அவர் குரலைக் கேட்பது எங்களுக்கு அதுதான் முதல் தடவை.

சொன்னபடி வந்தார். இரண்டு இன்ஜினியர்களையும் வரவழைத்திருந்தார். அண்ணன் செருப்பு நனையாத தூரத்தில் நின்றார். “ஊருக்குள்ள காட்டு யானை வந்தாத்தான் இத்தன ஆபீசருங்க ஒண்ணா வருவாங்க” என்று அம்மா முணுமுணுத்தாள். முந்தைய நாளே அவளிடம் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரும் ஒரு குடம் ஆரத்தித் தண்ணீரும் கேட்டிருந்தேன். “வீட்டுக்கு வர்றவங்களுக்கு எடுக்கறத சாக்கடைக்கு எடுக்கறியே” என்று திட்டிக்கொண்டே கரைத்துக் கொடுத்தாள்.

கால்வாய்க்கு இன்னும் மூடி போடவில்லை. கிழக்கு முனையில் மஞ்சளை ஊற்றினேன். மேற்கு முனையில் சிவப்பை ஊற்றினேன். இரண்டும் தடையில்லாமல், அழகாக ஓடிவந்து எங்கள் வாசலில் தேங்கிய கறுப்புத் தண்ணீரில் கலந்தன.

“பாத்தீங்களா மேடம், என் பக்கம் கரெக்ட்” என்றார் கிழக்கு.

“நானும் அதத்தான சொன்னன்” என்றார் மேற்கு.

அக்கா இருவரையும் பார்த்தார். “ரெண்டு பேரும் கரெக்ட்டுன்னா இந்தம்மா ஏன் சாக்கடையில நின்னு இட்லி ஊத்துது? மேற்குக் கால்வாயப் பேத்து, தண்ணிய அந்த முனையில இருக்கற ஓடைக்குத் திருப்புங்க.”

“அதுக்கு பட்ஜெட்டு...” என்று அண்ணன் தொடங்கினார்.

“மீரு உண்டண்டி” என்றார் அக்கா. நீங்கள் இருங்கள் என்பதைத் தெலுங்கில் இவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

மேற்குப் பாதியை உடைத்து மறுபடி கட்டினார்கள். இந்த முறை கேசரி இல்லை. அடுத்த மழையில் எங்கள் வாசல் காய்ந்து கிடந்தது. இட்லித் தட்டுகள் திரும்பி வந்தன, உப்புப் புகாரும் கூடவே வந்தது. அம்மா கம்பெனிக்குக் கூட்டப் போகவில்லை. காலையில் நடக்கப் போகும் அக்காவும் இப்போது எங்கள் கடையில் நின்று இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

தண்ணீர் மேற்கு முனைவரை ஒழுங்காகப் போகிறது. அங்கே ஒரு சிறுபாலத்தைத் தாண்டினால் ஓடை. சிறுபாலம் மாநகராட்சியுடையது இல்லையாம், வேறு துறையாம். அது மண்ணடைத்துக் கிடக்கிறது. அதனால் இப்போது தண்ணீர் நிற்பது முனையில் இருக்கும் மனை விற்பனை ஆபீஸ் வாசலில். அந்த ஆபீஸ் அண்ணனுடையது.

போன வாரம் சாயங்காலம் அவரே வந்தார். பேன்ட் கால்களை மடித்து விட்டிருந்தார். “ஏம்மா, அந்த மஞ்சத்தண்ணி வேலைய நம்ம ஆபீஸ் முன்னாடியும் ஒருதரம் செய்யறியா? அந்தத் துறைக்காரங்க நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க.”

“கேள்வி கேக்கறது ஈசிங்கண்ணா” என்றேன்.

அம்மா இட்லிச் சட்டிக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணன் சிரித்தார். “சரிம்மா, தப்புதான். அடுத்த கூட்டத்துல நீ இத எழுப்பு. ஏரியா சபையில உன்னையும் ஒரு மெம்பரா சேத்துக்கலாம், நான் சொல்லி ஏற்பாடு பண்றன். உன் பேரக் குடு.”

பெயரை அன்று காலை இட்லி சாப்பிட வந்த கவுன்சிலரிடமே கொடுத்துவிட்டேன் என்றேன். அவர் ஒரு நிமிடம் குழம்பினார்.