பச்சைத் தவிடு

1. முதல் நாள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு மாஸ்ரர் சொன்ன முதல் வார்த்தை இது: “உமக்கு இங்கை பூஞ்சணம் வளர்க்கிற வேலை காணும்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பிள்ளைகளே, அது உலகச் சண்டைக் காலம். மாஸ்ரர் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் படிப்பித்தவர். அதை விட்டுவிட்டு, ஒரு நெல் மில்லின் பின்பக்கக் கொட்டிலை எடுத்திருந்தார். மில்லில் கழிகிற தவிட்டை நனைத்து, ஆவியில் அவித்து, ஆறவிட்டு, தட்டுகளில் பரப்பி ஈரச் சாக்கால் மூடுவோம். இரண்டாம் நாள் வெள்ளைப் பூஞ்சணம் பஞ்சுபோலப் படர்ந்திருக்கும். அதை ஊறவைத்து வடித்த பழுப்புத் தண்ணீர்தான் எங்கள் சரக்கு. அதற்குள் என்சைம் என்று ஒன்று இருக்கிறதாம், அது கஞ்சியைத் தின்னுமாம்.

நெய்யும்போது நூலுக்குப் போட்ட கஞ்சி போனால்தான் புதுத்துணியில் சாயம் பிடிக்கும். அரியாலையில் சாயப்பட்டறை வைத்திருந்த செல்லையா முதலாளி, துணியைப் புளித்த தண்ணீரில் நாலு நாள் ஊறப்போடுவார். நாற்றம் ஒருபக்கம், துணி இற்றுப்போவது இன்னொருபக்கம். எங்கள் தண்ணீர் இரண்டு மணித்தியாலத்தில் கஞ்சியை எடுத்துக் காட்டினால் தொடர்ந்து வாங்குவதாகச் சொல்லியிருந்தார். வாங்க வேறு ஆள் இல்லை. அவர் கைவிட்டால் கொட்டிலைப் பூட்ட வேண்டும். நான் திரும்பப் போய் என்னைப் பெற்ற ஐயாவின் புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கத் துலா மிதிக்க வேண்டும்.

2. நான் செய்த கெட்டித்தனம்

முதலாளி சோதித்துப் பார்க்க வருவதற்கு நாலு நாள் இருக்கையில், நேர்த்திக்கடன் என்று மாஸ்ரர் தொண்டைமானாற்றுக் கோயிலுக்குப் புறப்பட்டார்.

“அவிச்ச தவிடு ஆறினாப்பிறகு, தட்டுக்கு ஒரு பிடி பச்சைத் தவிடு தூவும். விளங்கிச்சுதோ?”

“ஓம் மாஸ்ரர்.”

அதுவரைக்கும் தூவுகிற வேலையை அவரே கதவைச் சாத்திக்கொண்டு செய்வார். அதனால் என்னிடம் ஒப்படைத்தது எனக்குப் பெருமை. மில்லுக்கு ஓடி, அவிக்காத பச்சைத் தவிடு ஒரு கடகம் அள்ளிவந்து ஆறு தட்டுக்கும் தாராளமாகத் தூவினேன்.

அதோடு நின்றேனா? அலுமாரியில் இருந்த பிஸ்கோத்துத் தகரத்தைத் திறந்தால், உள்ளே பச்சைப்பசேலென்று பூஞ்சணம் பிடித்த ஏதோ தூள். பாவம் மாஸ்ரர், மறந்துபோய் வைத்திருக்கிறார் என்று எருக்கிடங்கில் கொட்டி, தகரத்தை என் சால்வையால் துடைத்துப் பளபளவென்று வைத்தேன்.

மூன்றாம் நாள் மாஸ்ரர் திருநீற்றோடு வந்து சாக்கைத் தூக்கினார். கறுப்பு, மஞ்சள், துருநிறம், எல்லாம் இருந்தது. வெள்ளையைத்தான் காணோம். நாற்றம் மில்வரை போனது.

“என்ன காணும் தூவினீர்?”

“நீங்கள் சொன்ன பச்சைத் தவிடுதான். அவியாதது.”

“அவியாததோ! நான் நிறத்தையெல்லோ சொன்னனான்! தகரத்திலை இருந்த பச்சை! அதுதான் விதை!”

“அதோ மாஸ்ரர்... அது பூஞ்சணம் பிடிச்சுக் கிடந்தது. கொட்டிப்போட்டன்.”

மாஸ்ரர் கவிழ்த்திருந்த வாளியின் மேல் குந்திவிட்டார். “பூஞ்சணம் வளர்க்கத்தானே காணும் உமக்குச் சம்பளம்!”

தகரத்தைத் தலைகீழாகத் தட்டினார். அதுதான் நான் துடைத்துவிட்டேனே! பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“எதாலை துடைச்சனீர்?”

“சால்வையாலை.”

“தோய்ச்சாச்சோ?”

தோய்க்கவில்லை. அதற்காக உங்கள் அம்மா இரண்டு நாளாக என்னை ஏசிக்கொண்டிருந்தா. மாஸ்ரர் என் தோளிலிருந்து சால்வையை உருவி, புதிதாக அவித்து ஆறவிட்ட ஒரேயொரு தட்டின் மேல் பிடித்து, அதில் ஒட்டியிருந்த பச்சைத் தூள் விழும்படி மெதுவாக உதறினார். மூச்சுவிடாதேயும் என்று எனக்குக் கட்டளை.

3. முதலாளியின் வேட்டி

மறுநாள் செல்லையா முதலாளி வந்தார். வெறுந்தட்டுகளைப் பார்த்தார்.

“மாஸ்ரர், உங்கடை பூஞ்சணம் பஞ்சாங்கம் பார்த்துத்தானோ முளைக்கும்? வெள்ளிக்கிழமை வாறன். அண்டைக்கும் இல்லையெண்டால் எனக்கு என்ரை புளிச்ச தண்ணியே போதும்.”

வியாழன் காலை சாக்கைத் தூக்கியபோது பனங்கிழங்கு அவிக்கிறதுபோல வாசம். தட்டு முழுக்க வெள்ளை! அந்த வெள்ளை முற்றிப் பச்சைத் தூளாக மாறுமுன்னமே அள்ளி ஊறவைத்தோம். விதைக்கென்று ஒரு மூலையை மட்டும் முற்றிப் பச்சையாகட்டும் என்று விட்டார் மாஸ்ரர்.

வெள்ளிக்கிழமை முதலாளி கண்முன்னே, கை பொறுக்கிற சூட்டில் துணியை அமிழ்த்தினோம். கஞ்சி இருந்தால் அயடீன் பட்ட இடம் நீலமாகும். இரண்டு மணித்தியாலம் கழித்து மாஸ்ரர் ஒரு சொட்டு விட்டார். நீலமில்லை, வெறும் மஞ்சள்.

முதலாளி நம்பவில்லை. “உந்த மருந்து எதிலை விட்டாலும் மஞ்சளாத்தான் காட்டும்போலை. இஞ்சை கொண்டாரும் பாப்பம்!”

போத்தலைப் பறித்துத் தன் சலவை வேட்டியிலேயே ஒரு சொட்டு விட்டார். மொடமொடவென்று கஞ்சி போட்ட வேட்டி. தொடைக்கு மேலே கன்னங்கரேலென்று நீலம் பரவியது.

 முதலாளியே முதலில் சிரித்தார். “சரி மாஸ்ரர், மாதம் நாலு பீப்பா அனுப்புங்கோ. முதல் பீப்பாவிலை இந்த வேட்டியைப் போட்டுத் தாங்கோ.”

நான் துலா மிதிக்கப் போகவில்லை. பிஸ்கோத்துத் தகரத்தின் மேல் மாஸ்ரர் ‘நிறம் பச்சை’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார். அன்றிலிருந்து அவர் எதைச் சொன்னாலும், “எந்தப் பச்சை மாஸ்ரர்?” என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பேன். நீங்களும் ஒரு சொல் இரண்டு பக்கம் இழுத்தால், ஓம் என்று தலையாட்டாமல் கேட்டுவிடுங்கள். ஊத்தைச் சால்வை எப்போதும் தோளில் கிடக்காது. என்னுடையதை மாஸ்ரர் திருப்பித் தரவேயில்லை. இன்னொரு கெட்டித்தனம் செய்தால் உதவும் என்று மடித்து அலுமாரியில் வைத்துக்கொண்டார்.