கப்பலக்காவின் இடது கன்னம்

அந்த ஆறு பேர் சாக்ஸபோன் குழுவில் அவளைக் கப்பலக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவள் வாசித்தது பேஸ் சாக்ஸபோன், அந்த இனத்திலேயே அடிக்குரல் கொண்ட பெரிய கருவி. நிமிர்த்தி வைத்தால் அவள் கழுத்துவரை வரும். முதன்முதலில் அதை ஊதியபோது துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் கப்பல் போல ஒரு சத்தம் எழுந்தது. அன்றைக்கு ஒட்டிய பெயர்.

பகலில் அவளுக்கு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. ஈர விரிப்பு மூட்டைகளைத் தூக்கித் தூக்கித் தோள் உரமேறியிருந்தது. குழுவை நடத்திய லிஃப்ட் மெக்கானிக் அந்தப் பூதத்தை அவள் தலையில் கட்டியதற்கும் அதுவே காரணம். "மத்தவங்க இதைத் தூக்கவே பயப்படுறாங்க. நீங்க முதல்ல தூக்குங்க, ஊதுறதை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

அவர்கள் வாசித்ததெல்லாம் நூறு வருஷத்துக்கு முந்தைய மெட்டுகள். ஜாஸ் என்ற பெயரே புதிதாக இருந்த காலத்தில் சாக்ஸபோன்கள் மட்டுமே கூடி அடித்த கூத்து அது. எழுதிவைத்த தாள் எதுவும் கிடைக்காது. பழைய இசைத்தட்டைச் சுழலவிட்டு, கரகரப்புக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டு, யார் எதை ஊதினார்கள் என்று பிரித்தெடுக்க வேண்டும். சண்டையில்லாமல் ஒரு மெட்டும் முடிந்ததில்லை.

"இது பேஸே இல்ல, தட்டுல கீறல்" என்பார் குழுவிலிருந்த முடிதிருத்துபவர்.

"கீறல் சுருதி பிசகாம வருமாக்கும்?" என்பாள் கப்பலக்கா.

அந்தக் காலத்து ஆட்கள் சாக்ஸபோனைச் சிரிக்க வைப்பார்கள். சீவாளியை நாக்கால் சுண்டி, கன்னத்தை இறுக்கி, காற்றை வெட்டி வெட்டி விட்டால், வயிறு குலுங்கச் சிரிக்கும் தடித்த ஆளின் குரல் வரும். கப்பலக்கா அதைப் பிடித்துவிட்டாள். அவள் ஊதத் தொடங்கினால் கூட்டம் மொத்தமும் சேர்ந்து சிரிக்கும்.

"என்கிட்ட ஒரு நாளாவது இப்படிச் சிரிச்சிருக்கியா?" என்று கேட்டார் கணவர்.

"நீங்க ஒரு நாளாவது சிரிக்கிற மாதிரி பேசியிருக்கீங்களா?"

ஒரு பெரிய அரங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. வாசிப்பதை ஒலிப்பதிவும் செய்வார்களாம். ஒத்திகை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது ஒரு காலையில் அவள் வாய் கொப்பளித்தாள். தண்ணீர் இடது ஓரமாகத் தானே வழிந்தது. கண்ணாடியைப் பார்த்தாள். இடது பக்கம் மட்டும் தூங்குகிறவள் முகம் போலத் தொங்கியிருந்தது.

"பக்கவாதம் இல்ல, பயப்படாதீங்க" என்றார் டாக்டர். "முக நரம்பு வீங்கியிருக்கு. பெரும்பாலும் சரியாயிடும்."

"எப்போ?"

"நரம்புக்கு நாம கெடு வைக்க முடியாதும்மா."

"நான் என்ன செய்யணும்?"

"கண்ணு காயாம பாத்துக்கங்க. மாத்திரை சாப்பிடுங்க. வேற ஒண்ணும் செய்றதுக்கில்ல."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளுக்கு விளங்கவில்லை. எந்திரத்தில் விரிப்பு சிக்கினால் இழுப்பாள். மூட்டை கனத்தால் இடுப்பைக் கொடுத்துத் தூக்குவாள். இதை எதைப் பிடித்து இழுப்பது?

வீட்டுக்கு வந்து ஊதிப் பார்த்தாள். காற்று உதட்டோரமாகப் புஸ்ஸென்று போயிற்று. விரலால் உதட்டை அழுத்திக்கொண்டால் கட்டைகளை அமுக்கக் கை போதவில்லை. நாத்தனார் பிளாஸ்திரி கொண்டுவந்து கன்னத்தை இழுத்து ஒட்டினாள். "அண்ணி, இப்ப ஊதுங்க!" பிளாஸ்திரி பிய்ந்து தெறித்தது. நாத்தனார் சிரித்துவிட்டு, உடனே அழுதாள்.

சில நாள் கழித்து லிஃப்ட் மெக்கானிக் வந்தார். வந்தவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பையன் கிடைச்சிருக்கான். இசைக் கல்லூரியில படிக்கிறான். ஆனா அவன்கிட்ட பேஸ் கிடையாது. ஊர்ல இருக்கிறதே இது ஒண்ணுதான்..."

கருவி குழுவுக்குச் சொந்தம். ஆனாலும் இத்தனை வருஷமும் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் படுத்துக் கிடந்தது. தரமாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாயுமில்லை, வழியுமில்லை.

"எடுத்துட்டுப் போங்கண்ணா" என்றாள். பேச்சு குழறியது.

அவருக்கு இடுப்பு வலி. பெட்டியை அசைத்துப் பார்த்துவிட்டு நின்றார். கடைசியில் அவளே அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கி, வேனில் ஏற்றி, உருளாமல் போர்வையை அண்டக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நிகழ்ச்சியன்று அரங்கத்தில் அவளுக்கும் கணவருக்கும் முன்வரிசையிலேயே இடம் கொடுத்திருந்தார்கள். சிரிப்பு வரும் இடம் நெருங்க நெருங்க, அவன் தடுமாறினால் தேவலை என்று அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. அவன் தடுமாறவில்லை. அவளுடையதைவிட மெல்லிய சிரிப்புதான், ஆனால் துல்லியமாக இருந்தது. அரங்கமே சிரித்தது. பக்கத்தில் கணவரும் தன்னை மறந்து சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டார். அவள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள்.

மாதங்கள் போயின. இமை மூடியது, கன்னம் ஏறியது. உதட்டின் ஓரம் மட்டும் திரும்பவில்லை. ஒத்திகைக்குப் போய் ஊதிப் பார்த்தாள். இரண்டு வரி வரும், மூன்றாவதில் காற்று ஒழுகிவிடும். அந்தப் பையன் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று "உக்காருங்கக்கா" என்று நாற்காலியைத் தந்தான். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. தாளத்துக்கு மரக்கட்டை தட்டலாமே என்றார் மெக்கானிக். கொஞ்ச நாள் தட்டினாள்.

பிறகு ஒரு நாள் வேலை முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு ஒத்திகை இல்லையா?" என்றார் கணவர்.

"இருக்கு. அவங்களுக்கு."

அவர் எழுந்து அடுப்படிக்குப் போய், வெந்நீர் வைக்கட்டுமா என்று கேட்டார்.